பெரியம்மா காட்டிய திருச்சி

ஒரு நகரத்தைச் சுற்றிக் காட்டுவதற்காக எனக்கென்றே காரும் வழிகாட்டியும் அமர்த்தப்பட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு ஏழு வயது. செருப்புப் போட்டு நடக்கவே அந்தக் கிழமைதான் பழகியிருந்தேன்.

எங்கள் வீடு தலைமன்னாருக்குப் பக்கத்து மீன்பிடி ஊரான பேசாலையில் இருந்தது. நாங்கள் ஐந்து பெண்பிள்ளைகள், நான் நடுவில். மூத்தவர்கள் இருவரும் அம்மாவுக்குக் கையுதவி. இளையவர்களில் ஒருத்தி அம்மாவின் இடுப்பில், மற்றவள் சேலைத் தலைப்பில். எனக்கென்று நிரந்தரமான இடம் எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம் வாடைக்காற்று அப்பாவின் வள்ளத்தை உடைத்துப் போட்டிருந்தது. அப்பா இன்னொருவரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தார். வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. அதற்கும் உடைந்த வள்ளத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா அம்மாவின் தமக்கை. தலைமன்னார் இறங்குதுறையில் கிளாக்கராக இருந்த இந்தியக்காரர் ஒருவரை மணம் முடித்து, அவர் ஊர் திரும்பியபோது கூடவே திருச்சிக்குப் போய்விட்டவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. படத்தில் மட்டும்தான் நான் பெரியம்மாவைப் பார்த்திருந்தேன்.

ஒருநாள் அம்மா, நான் அப்பாவோடு பெரியம்மா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். நான் மட்டும்தான். அக்காமார் வாயைப் பிளந்தார்கள். தங்கச்சி நிலத்தில் புரண்டு அழுதாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. புறப்பட்ட காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னினார். தலைமயிர் இழுபட்டு நொந்ததால் நான் சிணுங்கினேன்.

“அங்க அவை என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லோணும். எதிர்க்கதை கதைக்கக் கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம்,” என்றேன்.

அம்மா மூன்றாம் தடவையும் பின்னலை அவிழ்த்தார்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட பிறகு, தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மலைநாட்டுத் தேயிலைத் தோட்டச் சனம் நிறைந்திருந்தது. தகரப் பெட்டிகளின் மேல் குந்தியிருந்து பெரியவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஏன் அழுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். “அவை தங்கட ஊருக்குப் போகினம்,” என்றார். ஊருக்குப் போவதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

திருச்சியில் பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைத் தூக்கி உச்சி மோந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தார். அம்மாவின் முகம்தான், ஆனால் அந்த முகத்திலிருந்து வந்த பேச்சு வேறு. “வாம்மா, உள்ள வா, கை கால் கழுவிக்கோ,” என்று அந்த ஊர்க்காரர் போலவே பேசினார். அம்மா ஒளித்திருந்து யாரோ ஒருவரின் குரலில் கதைப்பதுபோல இருந்தது. நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் கறுப்பு அம்பாசடர் கார் வந்து நின்றது. என்னை ஊர் பார்க்க அழைத்துப்போவதற்குப் பெரியப்பா ஒழுங்கு செய்திருந்தார். ஓட்டுநரோடு, குடையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு வழிகாட்டியும் இறங்கினார். வெள்ளைக்காரருக்குத்தான் அவர் வழக்கமாக ஊர் காட்டுகிறவராம். கார்க் கதவைத் திறந்துபிடித்து, “வாங்க மேடம்,” என்று என்னைப் பார்த்து வணங்கினார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா வரவில்லை. கதிரையில் உட்கார்ந்தபடியே, “எனக்குக் கால் நோகுது, நீ போட்டு வா,” என்றார். நனைந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் எவ்வளவு தூரமும் நடக்கிற கால்கள் அவருடையவை. வீட்டு மனிதர் ஒருவருமில்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. ஆனாலும் எதிர்க்கதை கதைக்கக் கூடாது என்பது நினைவிருந்தது. ஏறிக்கொண்டேன். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் என்னை இருத்தினார்கள். அங்கேயும் நடுத்தான், ஆனால் அந்த நடுவில் நிறைய இடமிருந்தது. கார் திரும்பும்போதெல்லாம் பிடிக்க ஒன்றுமில்லாமல் வழுக்கினேன்.

முதலில் மலைக்கோட்டை. வழிகாட்டி படிக்குப் படி நின்று பேசினார். இந்தப் பாறை இமயமலையைவிட வயதானது என்றார். பல்லவர், சோழர், நாயக்கர் என்று ஆட்களை ஒவ்வொருவராக வரவழைத்து அனுப்பினார். ஒவ்வொன்றின் முடிவிலும் குனிந்து, “புரிஞ்சுதா மேடம்?” என்று கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் “ஓம்” என்றேன். பாதிப் படி ஏறியதும் அவர் உருகிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னார்.

“இந்த வயசுல என்ன பக்தி சார்! வாயத் தொறந்தா பிரணவம்தான் வருது.”

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “அட, அது அவங்க ஊர்ல ஆமான்னு அர்த்தம்ங்க! நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க.”

வழிகாட்டியும் சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்ததால், நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து அடுத்த கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

உச்சியில் காற்று அடித்தது. வழிகாட்டி குடையை நீட்டி ஆற்றையும் அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் காட்டினார். பெரியப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். பெரியம்மா மட்டும் எங்களோடு இல்லை. எதிர்ப்பக்கத்துத் தெற்கு ஓரத்தில், கண்களுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தனியாக நின்றார். நான் இறங்கி அவரிடம் போனேன். அந்தப் பக்கம் வீட்டுக் கூரைகளும் புகையும், அதற்கப்பால் வெறும் வானமும்தான் இருந்தன.

“அங்க என்ன கிடக்கு?” என்று கேட்டேன்.

பெரியம்மா என் தலையில் கையை வைத்தார்.

“பாக்க வேண்டியதெல்லாம் இந்தப் பக்கம்தாம்மா இருக்கு,” என்று வழிகாட்டி கூப்பிட்டார். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

மத்தியானம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். இலை நிறைய என்னென்னவோ வைத்தார்கள். மீன் மட்டும் இல்லை. பெரியம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். வீட்டில் எனக்கு ஊட்டுவதை நிறுத்தி வெகுகாலம். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறந்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். நான் விழுங்குவதைப் பார்த்து இருவரும் ஏன் அவ்வளவு மகிழ்ந்துபோனார்கள் என்பது பெரிய அதிசயமாக இருந்தது.

பிறகு கார் ஆற்றங்கரை வழியாகக் கல்லணைக்குப் போனது. நான் வழியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது தலை பெரியம்மாவின் மடியில் இருந்தது. இறங்கியதும் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. கடல் வந்துவிட்டதென்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். படியில் குந்திக் கையால் அள்ளி வாயில் விட்டேன். உப்பு இல்லை. துப்பிவிட்டேன்.

“காவேரித் தண்ணி மேடம்! அதைப் போய்த் துப்பலாமா?” என்று வழிகாட்டி பதறினார். கரிகாலன் அந்த அணையைக் கட்டிய கதையை அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை. வேறு எதற்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அது எதிர்க்கதையில் சேருமா என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் வழிகாட்டி குடையை மடக்கினார். எல்லா விருந்தினரிடமும் கேட்பதுபோலச் சிரித்தபடியே, “எங்க ஊர் பிடிச்சுதா மேடம்?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப ஊருக்குப் போக வேணாம். இங்கேயே பெரியம்மாகூட இருந்துடறீங்களா?”

“ஓம்,” என்றேன்.

பெரியப்பா கைகளைத் தட்டியே விட்டார். “கேட்டியா? அவளே சொல்லிட்டா!” என்று பெரியம்மாவைப் பார்த்தார். பெரியப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. பெரியம்மா சிரிக்கவில்லை. என் முன்னால் அப்படியே ஈரக் கல்லில் முழந்தாளிட்டார்.

“பிள்ளை, அவர் என்ன கேட்டவர் எண்டு விளங்கினதோ?”

திடுக்கிட்டுப்போனேன். அம்மாவின் முகத்தில் இப்போது அம்மாவின் பேச்சும் வந்திருந்தது.

“ஓம்.”

“என்ன கேட்டவர்?”

“தெரியா.”

“பேந்து ஏன் ஓம் எண்டனீ?”

“கேக்கிறதுக்கெல்லாம் ஓம் சொல்லச் சொல்லி அம்மாதான் சொன்னவ.”

பெரியம்மா என் தோள்களைப் பிடித்தார். “அம்மா வேற என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை. தலைதான் பின்னினவ. அவிட்டு அவிட்டுப் பின்னினவ.”

பெரியம்மா என் பின்னலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பயணத்திலும் தூக்கத்திலும் கலைந்திருந்த மயிர்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார். பிறகு எழுந்து, எறிந்த செருப்பைத் தேடி எடுத்துவந்து எனக்குப் போட்டுவிட்டார். திரும்பும் வழியில் வழிகாட்டி ஒன்றிரண்டு கோயில்களைக் காட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா நேரே அப்பாவிடம் போய் அறைக் கதவைச் சாத்தினார். பெரியப்பா கார் போன பிறகும் தெருவிலேயே நின்றார். உள்ளே பெரியம்மாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அப்பா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “நாளைக்கு வீட்ட போவம்,” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் தண்ணீரைத் துப்பியிருக்கக் கூடாது. காரில் தூங்கியிருக்கக் கூடாது. “தெரியா” என்று சொல்லியிருக்கவே கூடாது.

மறுநாள் நிலையத்தில் பெரியம்மா ஒரு துணிப்பையை அப்பாவிடம் கொடுத்தார். என்னைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றார். ரயில் நகர்ந்தபோது நான் கையைக் காட்டினேன். பெரியப்பாதான் திருப்பிக் காட்டினார்.

கப்பலில் அப்பா என் கையை விடவே இல்லை. பக்கத்துப் பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடினார்கள். என்னால் ஓட முடியவில்லை.

“அப்பா, நான் குழப்படி செய்தனானோ?”

“இல்லை.”

“பெரியம்மாவுக்கு என்னில கோவமோ?”

அப்பா கடலைப் பார்த்தார். தூரத்தில் தலைமன்னார் வெளிச்சவீடு தெரியத் தொடங்கியிருந்தது. “இல்லை பிள்ளை. அவ நல்லவ,” என்றார்.

நாங்கள் வேலிப் படலையைத் திறந்தபோது அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் அப்பாவைக் கண்டார். பிறகு அப்பாவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டார். எழுந்து வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல அப்படியே இருந்தார். அக்காமார் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். நான் படுக்கிற பாயில் தங்கச்சி உருண்டுகொண்டிருந்தாள். எழுந்திரு என்றதற்கு, இது தன்னுடையது, அம்மா தந்தவ என்றாள். இத்தனை சீக்கிரத்தில் என்னை மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன். பெரியம்மாவுக்கும் வேண்டாம், இங்கேயும் இடமில்லை என்று மூலையில் போய் இருந்தேன்.

பெரியக்கா துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே கையால் தைத்த சட்டைகள். எல்லாம் புதிது, ஆனால் நெடுநாள் மடித்து வைத்ததால் மடிப்புகளில் வெளிறிய கோடு விழுந்திருந்தது. முதல் சட்டை எனக்கு அளவாக இருந்தது. அடுத்தது முழங்காலுக்குக் கீழே வந்தது. அதற்கடுத்தது இன்னும் நீளம். கடைசிச் சட்டை பெரியக்காவுக்கே தொளதொளவென்று இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“பெரியம்மாவுக்கு அளவே தெரியேல்லை!” என்று எல்லோரும் சிரித்தோம். என்னைத் திருப்பி அனுப்பியவரைப் பழிவாங்குவதுபோல நான்தான் கூடச் சிரித்தேன்.

அம்மா கைகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். “கழட்டு. அது அவளின்ர,” என்றார் பெரியக்காவிடம். சட்டைகளைப் பழைய மடிப்புக் குலையாமல் மடித்து, பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயுமாக அலுமாரியில் அடுக்கினார். கதவைச் சாத்தித் திறப்பைப் போட்டுப் பூட்டினார். பூட்டிய பிறகும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, திறப்பைப் பிடித்தபடியே நின்றார்.

திறப்பு இறுகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.