ஐந்தாவது கையெழுத்து

பெற்றவர் உரிமை கோரி மனு கொடுத்திருந்தால், விசாரணை முடியும்வரை குழந்தையை வெளியூர் இல்லத்துக்கு மாற்றக்கூடாது. இந்த விதியைத் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சென்னைக் குழந்தைகள் இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளர் தன் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தார். அதனால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கத்துத் தொண்டுச் சங்கங்கள் ஐந்து சேர்ந்து கூட்டுக்குழு அமைத்திருந்தோம். குழந்தைகள் இல்லங்களைப் பார்வையிட்டு, மாநில அரசுக்கும் தில்லியிலிருந்த தேசியக் குழுவுக்கும் அறிக்கை அனுப்புவோம். நான் செயலாளர். ஐந்து சங்கத்தாரும் கையெழுத்திடாமல் எந்தக் கடிதமும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் விதி. அதை எழுதியவன் நான்தான்.

சாந்தோமில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் மகள், மூன்றாம் வகுப்புக்காரி, தேனாம்பேட்டை ஜனக்கூட்டத்தில் வழிதவறி அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். ரேஷன் அட்டையில் அவள் பெயர் இல்லாததால், தாய் தனியாகக் கொடுத்த மனுவை யாரும் வாங்கவில்லை; எங்கள் குழுவிடம் வந்தாள். மறுநாள் காலை ரயிலில் வேலூருக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

“இன்னா சார், எம் பொண்ணுக்கு நான்தான் அம்மானு ரசீது வோணுமா?” என்றாள் தாய்.

மாலை ஐந்துக்குள் சமூகநலத் துறை அலுவலகத்தில் எங்கள் மனுவுக்கு வரவு எண் விழுந்தால் பயணம் நின்றுவிடும். நான்கு கையெழுத்து வாங்கி, தாயோடு மயிலாப்பூர் சங்கத் தலைவி வீட்டை அடைந்தபோது மணி நாலேகால்.

தலைவி இரண்டு முறை படித்தார். “‘பணிவுடன்’னு எங்கயுமே இல்லையே. வேற டைப் அடிச்சிண்டு வாங்கோ, நாளைக்குப் போட்டுத் தரேன்.”

“அங்க அழுதுகினு கீது கொழந்த. கையெழுத்தப் போட்டுட்டு அப்பால எவ்ளோ வோணா திட்டும்மா,” என்றாள் தாய்.

“அவசரப்பட்டா குழுவுக்குத்தானே கெட்ட பேர்?” தலைவி என்னைப் பார்த்தார். சென்ற கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியம் அது.

வாசலுக்கு வந்ததும், பேனா மையைத் தாயின் கட்டைவிரலில் தடவி, ஐந்தாவது இடத்தில் ஒற்ற வைத்தேன்.

அலுவலகத்தில் ஐந்துக்கு மூன்று நிமிடம். தபால் குமாஸ்தா தாளைத் தூக்கிப் பிடித்தார். “கைநாட்டா? யார் சார் இது?”

“எங்க சாந்தோம் கிளை.”

எங்களுக்குக் கிளையே கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

வேலூர் ரயில் அந்தச் சிறுமி இல்லாமல் போயிற்று. குப்பத்துக்காரர்கள் வந்து சாட்சி சொல்ல, அந்த மாதமே தாயோடு வீடு சேர்ந்தாள்.

மனுவுக்குப் பதிலும் வந்தது. சாந்தோம் கிளைச் செயலாளரின் முழு முகவரியைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். வந்த தேதி, அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை.