மூக்கு உடைந்த பிறகு முடிந்த சர்க்யூட்

இன்று காலை பயிற்சிக் கூடத்தில் செல்வம் என் மூக்கில் குத்தினான்.

அவன் கருக்களாச்சேரி மீனவர் வீட்டுப் பையன். இங்கே நாங்கள் இருவரும் எலக்ட்ரானிக்ஸ் டிசைனும் முப்பரிமாண அச்சும் கற்கிறோம். அவன் அப்பாவின் படகுக்குள் தண்ணீர் ஏறினால் அலறும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தோம். அதற்கான பெட்டியை அவன் அச்சிட்டு முடித்துவிட்டான். சர்க்யூட் போர்டு என் பொறுப்பு. நானோ அதைத் தொடாமல் மூன்று வாரமாக வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறி, அவன் அப்பா இறைத்து இறைத்துத்தான் கரை சேர்ந்திருக்கிறார். அது தெரியாமல் இன்றும், "நாளைக்கு முடிச்சிடுறேன்டா" என்றேன்.

"எங்கப்பா செத்தப்புறமாடா?"

குத்திய கையோடு செல்வம் என் சட்டையைப் பிடித்து என்னைச் சுவரில் மோதவைத்தான். நானும் விடவில்லை, அவன் உதட்டைக் கிழித்தேன். ஒரு நாற்காலி உடைந்தது. பயிற்சி தரும் அக்கா நடுவில் பாய்ந்து, "அடிச்சிக்கிட்டு சாவுறதுன்னா வெளியில போங்க!" என்று கத்தினார்.

நான் போகவில்லை. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். செல்வம் உதட்டைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்தான். மதியத்துக்குள் சர்க்யூட்டை வரைந்து முடித்தேன்.

"வலிக்குதாடா?" என்றான்.

"நாலு மணி நேர வேலைக்கு மூணு வாரம் இழுத்திருக்கேன்டா. அதான் வலிக்குது."

அடி வாங்காமல் வேலையைத் தொடங்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். நாளைக்கு வேண்டாம், இப்போதே.