பொடி இலைக்கு ஒரு வலை

அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரம் சொட்டும் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து உருவி, உதறி, சூடான உருளைக்குள் கொடுக்கிற வேலை. நனைந்த விரிப்புகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டால் கன்றுக்குட்டி கனம் இருக்கும். வருஷக்கணக்கில் அதைத் தூக்கித் தூக்கி அவளுடைய தோளும் முன்கையும் இறுகிப் போயிருந்தன. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'கிரேன் அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். இந்தக் கிரேன் வீட்டுக்குப் போனால் அடி வாங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சட்டைக் கையை முழுசாக இறக்கிவிட்டுக்கொண்டு வருகிற நாட்களில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

புருஷன் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். வெளியில் மரியாதையான மனிதர். குடிப்பழக்கம் கிடையாது. அடிக்க அவருக்குக் குடி தேவைப்படவில்லை. கதவு சத்தமாகச் சாத்தினால் ஒரு அறை, பதில் சொல்லத் தாமதித்தால் ஒரு அறை. மழைக்காலத்தில் மட்டும் நிரந்தரமாக ஒரு காரணம் உண்டு. அது கூரை விளிம்பில் ஓடிய தகரக் கால்வாய்.

வீட்டை ஒட்டிப் பக்கத்து மனையில் ஒரு பெரிய மரம். அதன் இலை சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. காற்றடித்தால் தவிடு மாதிரி கொட்டும். கூரைத் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்ப வேண்டிய கால்வாயில் அந்தப் பொடி இலை படிந்து, ஊறி, கறுப்புச் சேறாகிவிடும். பிறகு தண்ணீர் பின்பக்கமாக வழிந்து சுவருக்குள் இறங்கும். இறங்கும் இடம் முன்னறை. அங்கேதான் அவருடைய நாற்காலி, அவருடைய டிவி.

அதனால் வாரா வாரம் அவள் ஏணியில் ஏறி, வெறுங்கையால் சேற்றை வழித்துப் போடுவாள். ஒரு தடவை காய்ச்சலில் ஏறாமல் விட்டுவிட்டாள். மறுநாள் மழை. நாற்காலி நனைந்தது. அவர் தானே போய்க் கால்வாயிலிருந்து ஒரு கை அழுகல் இலையை அள்ளிக்கொண்டு வந்தார். அவள் தலைமுடியைப் பின்னாலிருந்து பிடித்து நிமிர்த்தி அதை வாயில் திணித்தார்.

"தின்னு. வீட்டைப் பார்த்துக்கத் துப்பில்லாதவளுக்கு இதுதான் சாப்பாடு."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் திரும்பி வந்தபோது அம்மா குழாயடியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் கொப்பளித்தாலும் பல்லிடுக்கில் மண் நறநறத்தது.

"போலீஸுக்குப் போலாம்மா."

"போய்? நாளைக்கு அவர் முகத்துலதானே முழிக்கணும்."

அந்த வருஷத்துப் பெருமழை ஒரு விடுமுறை நாள் காலையில் பிடித்தது. அவள் முந்தின நாள்தான் சுத்தம் செய்திருந்தாள். ஆனால் காற்று ராத்திரி முழுக்க மரத்தை உலுக்கியிருந்தது. முன்னறைச் சுவரில் ஈரம் படர்ந்ததும் அவர் எழுந்தார். ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். "எப்படிப் பண்ணணும்னு நான் காட்றேன். நீ பிடி."

மழையில் ஏணியைச் சாத்தி அவரே ஏறினார். அவள் இரண்டு கையாலும் கீழே பிடித்துக்கொண்டாள். சேற்றில் ஏணிக் கால் லேசாக அசைந்தது. "ஒழுங்கா பிடிடி!" என்று கத்திக்கொண்டே அவர் ஒரு காலைத் தூக்கி, குதிகாலால் அவள் முகத்தில் உதைத்தார். மேலுதடு பிளந்தது. ஒரு பல் உள்பக்கம் மடங்கியது. அப்போதும் அவள் கையை விடவில்லை. ஆனால் ஒற்றைக் காலில் நின்றவருக்கு நனைந்த படி வழுக்கிவிட்டது. பக்கவாட்டில் சரிந்து மதில்மேல் விழுந்தார். தொடை எலும்பு முறிந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. மதிலின் அந்தப் பக்கம் கால், இந்தப் பக்கம் தலை. கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்தான். அவள் வாயிலிருந்து ரத்தம் கழுத்துவரை ஓடிக்கொண்டிருந்தது. அவரோ வலியில் கத்தவில்லை. "தள்ளிட்டா! என்னைக் கொல்றதுக்குத் தள்ளிட்டா!" என்றுதான் கத்தினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவருடைய தம்பி வந்து நின்றான். மணல் லாரி ஓட்டுகிறவன், அண்ணன் சொன்னால் யோசிக்காமல் செய்கிறவன். அண்ணியின் உதட்டில் போட்டிருந்த தையலைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மகள் அதைப் பார்த்தாள். கையில் இருந்த ஹெல்மெட்டால் சித்தப்பா முதுகில் ஓங்கி வைத்தாள். அவன் மருந்துத் தள்ளுவண்டிமேல் போய் விழுந்தான். நர்ஸுகள் வந்து பிரித்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த காவலரிடம் அவள் வீங்கிய வாயால் சொன்னாள்: "நான் ஏணியைப் பிடிச்சுட்டுத்தான் சார் இருந்தேன். அவர்தான் காலை வீசினாரு." எலக்ட்ரீஷியனும் தன் ஜன்னலிலிருந்து பார்த்ததை அப்படியே சொன்னான். விஷயம் அதோடு நின்றது.

கம்பி வைத்த காலோடு அவர் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் கட்டில் போட்டார்கள். நடக்க முடியவில்லை என்பதற்காகக் கை சும்மா இருக்கவில்லை. எட்டுகிற தூரத்தில் இருப்பதெல்லாம் பறந்தது. டம்ளர், ரிமோட், ஒருநாள் சிறுநீர்க் கோப்பை. அவள் அவரைக் குளிப்பாட்டக் குனிந்தால் காதைப் பிடித்து முறுக்குவார். அவள் குளிப்பாட்டிவிட்டுத்தான் நிமிர்வாள்.

வானம் மறுபடி கறுக்க ஆரம்பித்தது. இனி ஏணியில் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கால்வாய்க்கு மேலே போடுகிற வலை என்று ஒன்று உண்டு என்று எலக்ட்ரீஷியன் சொன்னான். ஒரு பையில் மரத்தடி இலையை அள்ளிப் போட்டுக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனாள்.

கடைக்காரம்மா மேஜைமேல் வகைவகையாக எடுத்துப் போட்டாள். ஒன்று பெரிய கண் வைத்த பிளாஸ்டிக் வலை. ஒன்று கால்வாய்க்குள் திணிக்கிற ஸ்பாஞ்சு. ஒன்று பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நீளமான முள் உருளை. கடைசியாக, நெருக்கமான கண் உள்ள எவர்சில்வர் வலை.

"இதுல எது நல்லதுங்க?"

"எல்லாமே நல்லதுதாம்மா. வாங்கறவங்க கைராசி."

"கைராசியைப் பார்த்தா இலை நிக்குமா? ஒரு பக்கெட் தண்ணி தருவீங்களா?"

கடை வாசலில் ஒவ்வொன்றையும் பக்கெட் வாயில் வைத்து, மேலே இலையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பிளாஸ்டிக்கின் கண் வழியாகப் பொடி இலை பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. முள் உருளையில் இலை பேன் மாதிரி சிக்கிக்கொண்டது. உதறினாலும் வரவில்லை. ஸ்பாஞ்சு தண்ணீரை விட்டது. ஆனால் அதன்மேல் அப்பிய சேற்றைப் பார்த்துக் கடைக்காரம்மாவே, "இதுல விதை விழுந்தா முளைச்சிடும். போன வருஷம் ஒருத்தர் செடியோட கொண்டாந்து திருப்பிக் குடுத்தார்" என்று ஒப்புக்கொண்டாள். எவர்சில்வர் வலையில் இலை மேலேயே தங்கியது. சாய்த்தவுடன் வழுக்கி விழுந்தது. அதைத்தான் எடுத்தாள்.

வீட்டில் சொன்னபோது அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "வலை போட்டா வாரா வாரம் ஏற வேண்டியதில்லையா?"

"எப்பவாவது தள்ளிவிட்டா போதுமாம்."

"அப்ப நீ என்ன பண்ணுவே? வேண்டாம். ஏறிச் சுத்தம் பண்ணு. அதுக்குத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்?"

சுவர் நனைவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் மேலே ஏறி நிற்க வேண்டும், அவர் கீழே நின்று குறை கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வெளியே போய் தகர வேலைக்காரருக்குப் போன் செய்தாள். புருஷனும் உள்ளேயிருந்து தன் தம்பிக்குப் போன் செய்தார்.

தகர வேலைக்காரர் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்க வலையைத் திருகி முடித்த நேரத்தில் தம்பி வந்தான். கையில் லாரி டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி. வந்த வேகத்தில் ஏணியில் ஏறி, கம்பியைக் கால்வாயில் மாட்டி இழுத்தான். வலை கிழிந்து, தகரத்தோடு தொங்கியது. அவன் கீழே குதித்தான்.

"அண்ணன் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். உனக்கென்ன அவ்வளவு திமிர்?"

"தம்பி, கம்பியைக் கீழ போடுங்க."

அவன் போடவில்லை. வீசினான். அவள் கையை உயர்த்தினாள். கம்பி முழங்கைக்குக் கீழே இறங்கியது. முன்னறை ஜன்னலிலிருந்து, "அடிடா! அவ மண்டையில போடு!" என்று குரல் வந்தது. இரண்டாவது வீச்சு தோளை உரசிச் சுவரில் பட்டுப் பொறி பறந்தது. அவன் மூன்றாவது தரம் ஓங்கியபோது அவள் பக்கத்தில் சாத்தியிருந்த ஏணியை இழுத்தாள். படுக்கைவாட்டில் பிடித்தாள். நனைந்த விரிப்பு மூட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி, இடுப்பிலிருந்து உடம்பை முறுக்கி அவன் மார்பில் மோதினாள். அவன் சுவரோடு ஒட்டினான். கம்பி கீழே விழுந்தது.

அவள் விடவில்லை. ஏணியின் குறுக்கே தன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்தினாள். ஏதோ முறியும் சத்தம் கேட்டது. அவன் கண் பிதுங்கியது. நகத்தால் அவள் கழுத்தைக் கீறினான். அவள் இன்னும் அழுத்தினாள்.

"அண்ணி... மூச்சு..."

"எனக்கும் மூச்சு இருக்குடா. இத்தனை வருஷமா இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியலை."

அவன் முகம் நீலம் பாரித்தது. அப்போது கூரைமேலிருந்து தகர வேலைக்காரரின் குரல் வந்தது: "அம்மா, அந்த ஏணியைக் கொஞ்சம் குடுங்களேன். நான் இறங்கி வீட்டுக்குப் போயிடறேன்."

யாரும் எதிர்பாராத அந்தக் குரல்தான் அவளை நிறுத்தியது. கையைத் தளர்த்தினாள். அவன் வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இருமி, வாந்தி எடுத்தான். ஜன்னல் கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டது.

தம்பிக்கு இரண்டு விலா எலும்பு விரிசல், அவளுக்கு முன்கையில் எலும்பு முறிவு. மகள் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். இந்த முறை அவள் எதையும் மறைக்காமல், வாயில் இலை திணித்ததுவரை சொன்னாள். சொல்லிக்கொண்டிருந்தபோது எழுதிய பெண் காவலர் பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னாள்: "உங்க துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். தம்பி வீட்டுக்குப் போங்க. வண்டி வெளிய நிக்குது."

"என் வீட்டை விட்டு என்னையே துரத்துறியா?"

"எங்கப்பா கட்டின வீடு இது."

அவர் கட்டில் பக்கத்தில் கையால் துழாவினார். எறிவதற்கு ஒன்றும் இல்லை. அவள் முன்னாடியே எடுத்துவிட்டிருந்தாள்.

எலக்ட்ரீஷியனும் வண்டிக்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கி வைத்தார்கள். தெருமுனை திரும்பும்வரை திட்டிக்கொண்டே போனார்.

தகர வேலைக்காரர் மறுபடி வந்து வேலையை முடித்தார். வந்தவுடன், "இந்தத் தடவை ஏணியை யாரும் தொடாதீங்க" என்று கண்டிஷன் போட்டார். வலை சொன்னபடி வேலை செய்தது. முழுக்க இல்லை. இரண்டு கூரை சேரும் மூலையில் இலை பாய் மாதிரி படிந்துவிடும், அங்கே தண்ணீர் எகிறித் தரையில் கொட்டும். மகள் ஒரு நீளக் கழியில் துடைப்பத்தைக் கட்டி, கீழே நின்றே அதைத் தள்ளிவிடுவாள்.

வெளியே மழை பெய்த ஒரு மாலையில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா திடீரென்று சொன்னாள்: "அவனை அழுத்தினேன் பாரு, அப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் அழுத்தலாம்னு இருந்துச்சு. அதை நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

மகள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் அன்னிக்கு ஆஸ்பத்திரியில அப்படித்தான் இருந்துச்சும்மா" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் அடித்துக்கொள்வதாகக் கேள்வி. கை சேர்ந்ததும் கிரேன் அக்கா வேலைக்குத் திரும்பினாள். கனமான மூட்டையை இப்போதைக்குத் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவளை மடித்து அடுக்குகிற பக்கம் போட்டிருக்கிறார்கள். அங்கே உட்கார நாற்காலி உண்டு, பேசுவதற்கு ஆளும் உண்டு. அது அவளுக்குப் பிடித்திருக்கிறது.