ஜன்னல் சாத்தும் ரீல்

போன வாரம் பாலிகஞ்சில் மகள் வீட்டு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என்னோடு இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. எனக்குப் பயத்துக்குப் பதில் ஒரு சினிமா ஞாபகம் வந்தது. என் புத்தி அப்படி.

லேக் மார்க்கெட் பக்கம் அப்போது ஒரு தியேட்டர் இருந்தது. அதில் கேன்டீன் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இந்த வங்காளி ஊருக்கு வந்து, சொந்தக் கையால் வடை சுட்டு நிமிர்ந்தவன். நான் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? என் மெதுவடைக்காகவே டிக்கெட் எடுத்த வங்காளிகள் உண்டு.

அடுப்படியிலிருந்து திரை தெரியாது. படங்களைக் காதால்தான் பார்ப்பேன். லிஃப்டில் ஞாபகம் வந்த அந்த சஸ்பென்ஸ் படத்தில் கொலையை மறைத்துக்கொண்டு திரிகிற ஒருவன். இடைவேளைக்கு முந்தின ரீலில் பேச்சே கிடையாது. வீட்டு ஜன்னல்களை டக் டக்கென்று ஒவ்வொன்றாகச் சாத்துவான். ஒன்றைச் சாத்தினால் டிராம் மணி அடங்கும். அடுத்ததில் மீன்காரன் குரல். பிறகு மழை. கடைசியில் அவன் மூச்சு மட்டும். முதல் நாள் அதைக் கேட்டு நின்றதில் ஒரு ஈடு வடை கருகிப்போயிற்று. அவசரப்படாமல் பயமுறுத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

மானேஜர் தஞ்சாவூர்க்காரர். படம் இழுக்கிறது, அந்தத் துண்டை வெட்டு என்று ஆபரேட்டர் பிமல்தாவிடம் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் தியேட்டர்களில் இது சகஜம். நான் கரண்டியோடு குறுக்கே போய் நின்றேன்.

“ஒருத்தன் ஜன்னல் சாத்தறதை எவன்யா பாப்பான்? ஜனங்க தூங்கறா.”

“தூங்கலை சார், மூச்சு விடாம இருக்காவ. அவன் சாத்துதது ஜன்னலையா? மனசையில்லா ஒவ்வொண்ணா சாத்துதான்.”

“வடை சுடறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“எண்ணெய் காயுத வரைக்கும் காத்திருக்கத் தெரியும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “சரி, இன்னிக்கு மாட்னி முழுசா ஓடட்டும். அந்த எடத்துல ஒருத்தன் எழுந்து வெளியே வந்தாலும் கேன்டீன் வேற ஆளுக்கு. சம்மதமா?”

“சம்மதம்.”

பைத்தியம் என்று பிமல்தா வங்காள மொழியில் முணுமுணுத்தார்.

மாட்னியில் நானும் மானேஜரும் கதவோரம் நின்றோம். அந்தக் கேன்டீனை நம்பித்தான் குடும்பம். டிராம் மணி அடங்கியது. மீன்காரன் அடங்கினான். மழையும் நின்றது. அப்போது பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே திரையைப் பார்த்துக் கைநீட்டி, “பொந்தோ கொரோ நா, பாபா,” என்றார். சாத்தாதேப்பா என்று அந்தக் கொலைகாரனிடம் கெஞ்சுகிறார்.

மானேஜர் கதவை மெல்ல மூடினார். “எனக்கு ஒரு காபி குடு,” என்றார். அவ்வளவுதான். படம் வெட்டுப்படாமல் வாரக்கணக்கில் ஓடியது. என்னால்தான் ஓடியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. நல்ல திகில் படங்கள் இப்போதும் வருகின்றன. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கையகலத் திரையில் பார்க்கிறேன். பயமும் வருகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு, பயத்தில் பக்கத்து சீட்டுக்காரர் கையை யாரென்று தெரியாமல் பிடித்துவிடுவார்கள். விளக்கு வந்ததும் இரண்டு பேரும் அசடு வழிந்துகொண்டு ஒன்றாகக் காபி குடிக்க வருவார்கள். இப்போது நான் பிடித்துக்கொள்வது தலையணையை.