ஒரு மேன்முறையீட்டுப் படிவத்துடன் சம்பூருக்கு

இந்தப் பயணத்தை நான் கோபத்தில்தான் தொடங்கினேன். திருகோணமலை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் தரவு உத்தியோகத்தராக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம். இந்த வருடம் செயற்கை நுண்ணறிவு ஆளுகை பற்றிய ஓர் ஆய்வு பெலோஷிப் கிடைத்தது. என்னைப்போல வேலையில் புதிதாகக் கால் வைத்தவர்களுக்கானது. மனிதரைப் பற்றிக் கணினி முடிவெடுத்தால் அதற்கு யார் பொறுப்பு, யார் தட்டிக் கேட்பது என்பதுதான் பாடம். ஆறு மாதம், முழுவதும் இணையவழி. பாதிவழியில் ஆய்வின் வரைவு ஏற்கப்பட்டால்தான் மிச்ச மூன்று மாதம். இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். நான் வீட்டில் இருந்துதான் படித்தேன், அது வேறு விஷயம்.

என் ஆய்வு சம்பூரைப் பற்றியது. ஓர் உதவித் திட்டம் அங்கே விவசாயிகளுக்கு நீர்ப்பம்பி கொடுக்கிறது. யாருக்கு முதலில் என்பதைக் கணினி புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறது. படிவத்தில் ஒரு கேள்வி: இந்த முகவரியில் தொடர்ச்சியாக எத்தனை வருடம் வசிக்கிறீர்கள்? சம்பூர்ச் சனம் 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள். ஆனாலும் பலர் அந்தக் கட்டத்தில் தங்கள் வயதை எழுதியிருந்தார்கள். கணினி அதைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, 'முரணான தகவல்' என்று குறித்து, அவர்களைப் பட்டியலின் அடியில் தள்ளிவிட்டது.

கொழும்பிலிருக்கும் என் மேற்பார்வையாளர் வரைவின் ஓரத்தில் எழுதினார்: விண்ணப்பித்தவர்கள் பிழையான தகவல் தந்திருக்கிறார்கள், கணினி சரியாகத்தான் செய்திருக்கிறது, இந்த உதாரணத்தை நீக்கவும். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் வரைவு போகவேண்டும். எனக்கு அவரில் பாதிக் கோபம், சம்பூர்க்காரரில் மீதி. உண்மையான வருடத்தை எழுதியிருந்தால் இந்தத் தலையிடி வந்திருக்குமா? நானே திருத்திக் கொடுக்கிறேன் என்று மேன்முறையீட்டுப் படிவங்களை எடுத்துக்கொண்டு ஆவணி மாதச் சனிக்கிழமை ஒன்று கிளம்பினேன்.

காலை 6.40க்கு மூதூர் பஸ். டிக்கெட் 190 ரூபா. நகரத்துக் கடற்கரையில் நின்றால் சம்பூர்ப் பக்கம் எதிரே தெரியும். கடலால் கிட்ட, தரையால் போவதென்றால் துறைமுகத்தைச் சுற்றி, சீனக்குடா, கிண்ணியாப் பாலம் எல்லாம் தாண்ட வேண்டும். இடதுபக்க யன்னலைப் பிடியுங்கள், தண்ணீர் அந்தப் பக்கம்தான். 7.55க்கு மூதூரில் இறங்கினேன்.

அங்கிருந்து ஓட்டோ. ஓட்டுநர் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி எந்த ஒபீஸ்?" என்றார்.

"ஒபீஸ் இல்ல நானா. படிப்பு." மூதூர் முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஃபைலோட வாற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறது. எழுதிக்கொண்டு போவாங்க, பிறகு ஆளைக் காணக் கிடைக்காது."

போக வர, காத்திருக்கவும் சேர்த்து 2,500 ரூபா. மீட்டர் ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர் காட்டியது. அவர் சொன்னது வழி முழுக்கக் குத்திக்கொண்டே இருந்தது.

ராசமலர் அக்காவோடு முன்பே போனில் கதைத்திருந்தேன். அவருடைய விண்ணப்பமும் அடியில் போனவற்றில் ஒன்று. கச்சான் காற்று அனலாக அடிக்க, கிணற்றிலிருந்து வாளியில் அள்ளி வெண்டிப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டு, பிளேன்டீ தந்தார். நான் படிவத்தை விரித்தேன்.

"அக்கா, திரும்பி வந்து ஒன்பது வருசம்தானே. இதில ஒன்பது எண்டு போடுங்கோ. கம்பியூட்டர் உங்களை மேல ஏத்திடும்."

"எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறன் எண்டுதானே கேக்கினம்?"

"ஓம்."

"எனக்கு முப்பத்தி நாலு வயசு."

"இடையில முகாமில இருந்தனீங்கள் அக்கா."

"இருந்தனான். ஏன் போனனீங்கள் எண்டு கேக்கிறதுக்கு அதில ஒரு கட்டம் இருக்கோ?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"ஒன்பது எண்டு எழுதினா, அதுக்கு முந்தி நான் இந்த ஊர் ஆள் இல்லை எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. நாளைக்கு இந்தக் காணி ஆருக்குச் சொந்தம் எண்டு ஒரு கதை வந்தா, அந்தக் கடதாசியைத்தான் எடுத்து நீட்டுவினம். என்னால ஏலாது, தங்கச்சி."

"அப்ப பம்ப் வேண்டாமோ?" கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

"பம்பும் வேணும். முப்பத்தி நாலும் வேணும்."

பேனையை வாங்கி, அழுத்தி 34 என்று எழுதினார். ஓரத்தில் சின்ன எழுத்தில், 'நாங்கள் விட்டுப் போகவில்லை, போகவைத்தார்கள்' என்று சேர்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பாத்தி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் கணினியைக் கேள்வி கேட்கப் படித்துவிட்டு, கணினிக்கு வசதியாக ஒரு மனுசியைத் திருத்த வந்திருந்தேன்.

திங்கள் காலை 8.40க்கு வரைவை அனுப்பினேன். உதாரணத்தை நீக்கவில்லை, அதையே முதல் அத்தியாயமாக்கினேன். பதில் பிழையில்லை, கேள்விதான் பிழை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். 'மேற்பார்வையாளரின் திருத்தங்களைச் சேர்த்தீர்களா?' என்று இணையப் பக்கம் கேட்டது. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மூதூரில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சம்பூரில் கடை தேடி அலையாதீர்கள். தொப்பி, இரண்டு லீற்றர் தண்ணீர் கட்டாயம். நகரத்துக்குத் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், நான் 1.20 பஸ்ஸைப் பிடித்தேன். மொத்தச் செலவு 2,880 ரூபா, சாப்பாடு வேறு. பெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், சின்ன ஊர் என்று தயங்க வேண்டாம். ஆனால் கணினி பிழை என்று குறித்த ஆளின் முன்னால் ஒரு தடவையாவது போய் இருங்கள். பதிலை முன்கூட்டியே மனதில் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். எழுதியதை அவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூதூர் ஓட்டோ நானாவுக்கு நான் கொடுக்கவேண்டிய பதில் அதுதான்.

34 என்று எழுதியபடியே கொடுத்த ராசமலர் அக்காவின் மேன்முறையீட்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை. எனக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை 10.15க்கு கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் தெளிவாகத்தானே எழுதினேன். உங்களுக்கு இந்த பெலோஷிப் வேண்டாமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"பெலோஷிப்பும் வேணும் சேர். சம்பூரும் வேணும்."

குழுவோடு பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னார். சொல்லட்டும்.