அப்பாவுக்குத் தெலுங்கில் ஒரு ஜெபம்

அப்பா இறந்த அன்று ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு ஹாலில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வருகிறவர்களுக்குச் செருப்பு விட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் வந்ததும் அம்மா, "ஒரு ஜெபமாவது தெலுங்குல பண்ணுங்க ஐயா. அவரு வேற பாஷையில ஜெபம் பண்ணினதே இல்ல," என்றாள்.

"எனக்குத் தெலுங்கு தெரியாதேம்மா. வீட்ல யாராவது படிங்க, நான் கூட நிக்கிறேன்."

அம்மா அப்பாவின் ஜெபப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "நுவ்வே சதுவம்மா." நீயே படி என்கிறாள்.

வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பில்தான் தெலுங்குப் பாடம் தொடங்கும்; நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளியில் தெலுங்கு டீச்சர் ரிடையர் ஆனார். வேறு ஆள் போடவில்லை. அப்பா லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார்.

"நாலு பிள்ளைங்களுக்காக ஒரு போஸ்ட் எப்படிக் கேக்கறது சார்? பொண்ணு தமிழ் நல்லாத்தானே பேசுது," என்றார் தலைமையாசிரியர்.

"தமிழ் வேணாம்னு சொல்லல சார். தாய்மொழியும் சேர்த்துப் படிக்கட்டும்னுதான் கேக்கறேன். அது எங்க உரிமைதானே."

"எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. பிறகு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். டியூஷன் முடிந்து நான் வரும்போது அவருக்குக் கண் சொக்கிவிடும். பத்தாவதில் தமிழில் நான்தான் பள்ளியில் முதல். தெருவுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தார்.

"எனக்குப் படிக்க வராதேம்மா," என்றேன். அவளுக்கும் அது தெரியும். அன்றைக்கு மறந்திருக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு வரியாக என் காதில் சொன்னாள். நான் அதையே உரக்கச் சொன்னேன். சில சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. பாதியில் அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. போதகர் தமிழில் ஒரு ஜெபம் சொல்லி முடித்துவைத்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் என் மகள் கேட்டாள். "நீ என்னம்மா படிச்சே?"

"தாத்தாவுக்கு ஜெபம்."

"உனக்குப் புரிஞ்சுதா?"

"பாதி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனைச் சார்ஜில் போடப் போனாள். அம்மா சித்தியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாடகை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோரம் சாய்த்தேன்.