வசந்தி அத்தை வீட்டு நாற்காலிகள்

பள்ளி வேன் எங்கள் தெருவில் திரும்பியபோது, வசந்தி அத்தை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், மறுபடியும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், அவருக்குப் பொழுது போகும் என்று நினைத்தேன். அம்மா என் பையை வாங்கிக்கொண்டார்.

"அத்தை ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்கம்மா. மூச்சு முட்டிக்கிச்சாம்."

வசந்தி அத்தை எங்களுக்கு உறவில்லை, அடுத்த வீடு. கீழ்வேளூரில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் அவர் தைத்த சீருடையில்தான் முதல் நாள் வகுப்புக்குப் போனோம். பிறகு அவருக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. தையல் எந்திரத்தை விற்றார். துணி கொண்டுவருபவர்கள் நின்றதும் அந்த வீட்டில் பேச்சும் நின்றது. திருமணம் செய்துகொள்ளாதவர், ஒரே தம்பி சிங்கப்பூரில்.

தம்பிதான் கைவலிக்கென்று செந்நிற ஒளி வீசும் ஒரு விளக்கை அனுப்பினார். "வலிக்கும் விறைப்புக்கும் கொஞ்சம் இதமா இருக்கலாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் மருத்துவர்.

செய்தி தெருவில் பரவியது. முட்டி வலி, இடுப்பு வலி, எல்லாம் அத்தை வீட்டுக்கு வந்தன. அத்தை நாற்காலிகள் வாங்கிப் போட்டார். எல்லோருக்கும் டீ. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருநாள் விளக்கைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க்கா, முட்டியில வலின்னுதானே வந்தீங்க?" என்றார் அத்தை.

"பேரன் கல்யாணம் வருதுல்ல, நீ சும்மா இரு!"

அத்தை சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் முறை வருவதற்குள் பல நாள் கரண்ட் போய்விடும். நான் கோபித்துக்கொண்டேன்.

"உங்க கைக்குத்தானே வந்துச்சு அத்தை?"

"கை காலையிலதான்டி வலிக்கும். வீடு பொழுதன்னைக்கும் வலிக்குது."

"லைட்டுதான் இருக்கே, மாத்திரை எதுக்கு?" என்று பெரியம்மா கேட்டபோது மட்டும் உறுதியாகச் சொன்னார்: "லைட்டு விருந்தாளி, அக்கா. மாத்திரைதான் வீட்டு ஆளு."

யாருக்கும் முட்டி புதிதாகிவிடவில்லை. நடவு தொடங்கியதும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அத்தை நாற்காலிகளை அடுக்கிவைக்கவில்லை. தினமும் துடைத்தார்.

அதன் பிறகுதான் விளக்கு முழுதாக அவருக்குக் கிடைத்தது. விறைப்பு சற்றுத் தளர்ந்ததாகச் சொல்வார். இரண்டு கைகளும் வெளிச்சத்தில் இருக்கும்போது புத்தகம் பிடிக்க முடியாது என்பதால் நான் பிடித்துக்கொள்வேன். ஒரே பக்கத்தை இருவரும் மௌனமாகப் படிப்போம். அவர் முடித்ததும் "ம்" என்பார், நான் திருப்புவேன். நான் முந்திவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்: "திருடி! கண்ணு அடிவரிக்குப் போயிருச்சு பாரு."

கடைசியாக ஒரு துப்பறியும் நாவல். கொலை செய்தது சமையல்காரர் என்றார் அத்தை. மருமகன் என்றேன் நான். பாதியில் அவருக்கு இருமல் வந்தது. "இங்கேயே நிக்கட்டும், வந்து படிப்போம்" என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இறுதிச் சடங்கன்று வீடு நிரம்பியிருந்தது. அவருடைய நாற்காலிகள் போதாமல் வாடகைக்கும் எடுத்திருந்தார்கள். பெரியம்மா பழைய இடத்திலேயே அமர்ந்து அழுதார். யாரும் எழுந்து போகவில்லை. இப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் அத்தை ஆசைப்பட்டார்.

இன்று மாலை அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நாம் நிறுத்திய பக்கத்தின் கடைசி வரிவரை வந்துவிட்டேன் அத்தை. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் மெதுவாகவே போய்வாருங்கள்.